மொழி அறியா வகுப்பறையில் மாணவ ஆசிரியர்: பரிமாற்றக் கல்வி குறித்து ஒரு கருத்து

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கிடையே மாணவர் பரிமாற்றத்தை நடத்திவரும் எராஸ்மஸ் திட்டம் 1987இல் தொடங்கியது. அத்திட்டத்தின்கீழ் வேற்றுநாட்டுக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் புறப்படுமுன் ஓர் உடன்பாட்டு ஆவணத்தில் ஒப்பமிடுகின்றார். அங்கு அவர் பயிலவிருக்கும் பாடங்கள் எவை, அவற்றைத் தாய்ப் பல்கலைக்கழகம் எவ்வெப் பாடங்களுக்கு ஈடாக ஏற்கும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பலகு என்பன அதில் நிரல்பட எழுதப்பெறும். முழுநேரக் கல்வி ஓராண்டுக்கு 60 மதிப்பலகு. ஒரு மதிப்பலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மாணவரின் மொழித்திறன் குறித்தும் அவ்வாவணத்தில் ஒரு கட்டம் உண்டு. ஆயின் அக்கட்டம் வினவுவது பல்கலைக்கழகத்தில் அவர் பயிலப்போகும் பாடங்களின் பயிற்றுமொழியை. அது பெரும்பாலும் ஆங்கிலமாக இருக்கும். பொறியியலோ பொருளியலோ பயில்வோர்க்கு இவ்வளவு போதும். ஆசிரியராகப் பயில்பவர் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடுவதில்லை, பள்ளிக்கும் செல்கின்றார். அங்குள்ள ஏழு வயதுப் பிள்ளை ஆங்கிலம் பேசுவதில்லை. அப்பிள்ளையின் மொழியைக் குறித்து வினவும் கட்டம் அவ்வாவணத்தில் எங்கும் இல்லை.

இவ்விடுபாட்டை எழுத்தர் பிழையாகக் கருதிவிட இயலாது. மாணவ ஆசிரியரின் பரிமாற்றக் கல்வியில் அவருடைய மொழியறியாமை ஓர் இடையூறாகவே நெடுகிலும் கருதப்படுகின்றது. அதனை ஆங்கிலத்தைக் கொண்டு மூடிவிடுவதே நல்லேற்பாடு என எண்ணப்படுகின்றது. அவ்வறியாமையே அவர் அங்குச் சென்று பெறத்தக்க தலையாய பாடம் என்பதை ஒரு நாட்டின் சான்று கொண்டு இங்குக் காணலாம்.

பின்லாந்தின் யுவாஸ்குலா நகரப் பல்கலைக்கழகம் ஆசிரியர் கல்வியின் வழியே பிறந்தது. பின்னிய மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட முதல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அங்கு 1863இல் நிறுவப்பெற்றது. அது 1934இல் கல்வியியல் உயர்கல்லூரியாகவும் 1966இல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. அதன் முதல் தலைவரான ஊனோ சிக்னேயஸ், சுவீடிய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்த சமயப்பணியாளர். அக்காலத்தில் உருசியப் பேரரசின் கீழிருந்த அலாஸ்காவின் சிட்காவிலும், பின்னர்ப் புனித பீட்டர்ஸ்பர்க்கிலும் பணியாற்றியவர். நாட்டின் தொடக்கக் கல்வியை வகுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, 1858, 1859 ஆண்டுகளில் சுவீடன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா முதலிய நாடுகளின் பள்ளிகளை நேரிற் கண்டு திரும்பினார். அதன் பின்னரே கல்லூரி எழுந்தது. இன்று உலகின் பல பகுதிகளிலிருந்தும் மாணவ ஆசிரியர்கள் பார்க்கச் செல்லும் ஒரு கல்விமரபு, தானும் ஒருவர் பிறநாட்டுப் பள்ளிகளைப் பார்த்துவந்ததில் வேர்கொண்டது என்பது கருதத்தக்கது. தம் வீட்டுமொழி அல்லாத ஒரு மொழியில் கல்லூரி நடத்தும் பொறுப்பை அவர் ஏற்றார் என்பதும் அதனோடு சேர்த்துக் கருதத்தக்கது.

இப்பல்கலைக்கழகத்துக்கு ஜெர்மனியின் வடக்கு ரைன் வெஸ்ட்பேலியா மாநிலத்திலிருந்து ஒரு பருவம் பயிலச் செல்லும் மாணவ ஆசிரியரை எடுத்துக்கொள்ளலாம். பின்லாந்தின் கல்விப் புகழே இவ்வாறு செல்வோரை ஈர்க்கின்றது. பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசா 2000ஆம் ஆண்டு முதன்முதலாக நடத்தப்பட்டபோது வாசிப்பில் பின்லாந்து 546 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. 2022இல் அது 490ஆகத் தாழ்ந்தது. புள்ளி இறங்கியும் யாத்திரை நிற்கவில்லை.

அங்கு அவருக்குக் கிடைப்பவை சிறியன அல்ல. பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பயிற்சிப் பள்ளி, நோர்மாலிகோவுலு எனப்படுவது, பின்னிய ஆசிரியர் கல்வியின் உயிர்நிலை. வகுப்பாசிரியரே பயிற்றுநராகவும் விளங்குகின்றார். மாணவ ஆசிரியர் பாடம் நடத்தியதும் அதே நாளில் அதைக் குறித்து அமர்ந்து பேசுவது அங்கு இயல்பான வழக்கம். வகுப்பாசிரியர் ஆவதற்கே 300 மதிப்பலகு கொண்ட முதுகலைக் கல்வி வேண்டும் என்னும் நெறி 1970களின் இறுதியிலிருந்து அந்நாட்டில் நிலைபெற்றுள்ளது. ஆனால் அயல்நாட்டு மாணவருக்கென அமைவதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தொகுதி. பள்ளியில் அவர் கற்பிக்க நேர்ந்தால் அது ஆங்கிலப் பாடவேளையாக இருக்கும். பிற வேளைகளில் பின்வரிசையில் அமர்ந்து உற்றுநோக்கல் குறிப்பேடு எழுதுவார். காதில் விழும் சொற்களின் பொருளை உடனிருக்கும் பின்னிய மாணவர் ஆங்கிலத்தில் முணுமுணுப்பார்.

அக்குறிப்பேட்டில் என்ன பதியும் என்பதே இங்கு வினா. பின்னிய மொழியில், ஜெர்மானியர் நாவில் நொடிக்கொருமுறை வரும் ‘பிட்டே’ போன்ற, ‘தயவுசெய்து’ என்னும் பொருளுடைய தனிச்சொல் அன்றாட வழக்கில் இல்லை. பணிவு அங்கு வினைச்சொல்லின் உள்ளே இருக்கின்றது. ‘முடியுமாயின்’ என்னும் குறிப்புத் தரும் ஓர் இடைநிலை வினையில் ஏறும்போது ஏவல் வேண்டுகோளாகின்றது. வகுப்பை நோக்கி ஆசிரியர் நூலை எடுக்கச் சொல்லும்போதோ, ‘எடு’ என்னும் ஏவலைக் காட்டிலும், செய்வோரைச் சுட்டாத ஒரு வினைவடிவத்தையே பெரிதும் ஆள்வார்; ‘எடுக்கலாம்’, ‘எடுப்போம்’ என்பவற்றுக்கு நிகரானது அது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கேட்டவர் குறிப்பேட்டில் இவ்விரண்டும் காணாமற் போகின்றன. ‘ஆசிரியர் சுருக்கமாக ஆணையிடுகின்றார், பணிவுச் சொற்கள் இல்லை’ என்று அவர் எழுதிவைக்க நேரும். பிள்ளைகள் ஆசிரியரை முதற்பெயரால் அழைப்பதையும், ‘ஆசிரியர்’ என்னும் சொல்லையே ‘ஒபெ’ என்று குறுக்கி விளிப்பதையும் கண்டு, குடும்பப் பெயரும் மரியாதைப் பன்மையும் கொண்டு ஆசிரியரை விளித்து வளர்ந்த அவர் ‘மரியாதை குறைவு’ என்றோ, நேர்மாறாக ‘முழுச் சமத்துவம்’ என்றோ எழுதுவார். இரண்டுமே பிழையாகலாம். மொழி தெரியாதவர் பார்த்தது வகுப்பறையின் தோற்றத்தை மட்டும். வாயிலில் கழற்றிவைத்த காலணிகள், காலுறையோடு நடமாடும் பிள்ளைகள், 45 நிமிடப் பாடத்துக்குப் பின் பனியிலும் வெளியே செல்லும் இடைவேளை ஆகியவை கண்ணுக்குத் தெரிந்தன. ஆசிரியர்க்கும் பிள்ளைக்கும் இடையே உறவு நிகழ்வது வினைமுற்றின் ஈற்றில். அது கண்ணுக்குத் தெரியவில்லை.

தமிழ் வழங்கும் வகுப்பறைக்கு வரும் வேற்றுமொழியாளரும் இப்பிழையைச் செய்யக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ‘தயவுசெய்து’ என்பது தமிழில் அறிவிப்புப் பலகையின் சொல். வீட்டிலும் வகுப்பிலும் பணிவைத் தருபவை ‘கொஞ்சம்’ என்னும் அடையும், ‘-ங்க’ என்னும் ஈறும், ‘தர முடியுமா’ என்னும் வினாவும். இவற்றை அறியாதவர்க்குத் தமிழர் பணிவற்றவராகவே தோன்றுவர்.

பின்வரிசையிலிருந்து எழுந்து அதே மாணவ ஆசிரியர் முதல் வகுப்பில் பிள்ளைகளோடு அமர்ந்தால் நிகழ்வது வேறு. பின்லாந்தில் பிள்ளைகள் ஏழு வயது நிரம்பும் ஆண்டில் முதல் வகுப்பு புகுகின்றனர். கையில் ஆபினென் எனப்படும் அரிச்சுவடி. எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றுக்கொன்று என்னும் உறவுடைய மொழி அது. ஆகவே சொற்களை அசைகளாகப் பிரித்து, இடையே சிறு கோடிட்டு அச்சிட்டிருப்பர். பிள்ளைகள் அசைகூட்டி வாசிப்பர். இங்கே அயல்நாட்டவரும் பிள்ளைகளோடு ஒரே தொடக்கக் கோட்டில் நிற்கின்றார். உண்மையில் சற்றுப் பின்னால் நிற்கின்றார். ‘துலி’ என்றால் நெருப்பு. ‘தூலி’ என்றால் காற்று. ‘துல்லி’ என்றால் சுங்கம். உயிர் நீண்டாலும் மெய் இரட்டித்தாலும் பொருள் மாறும். ஜெர்மானியர்க்கு உயிரின் குறில் நெடில் வேறுபாடு காதுக்குப் பழகியது, மெய்யிரட்டிப்பு பழகியதன்று. அவர் மொழியின் எழுத்தில் இரட்டித்த மெய் உண்டு, ஒலிப்பில் இரட்டிப்பில்லை. ஆகவே அவர் ‘துலி’ என்பதையும் ‘துல்லி’ என்பதையும் ஒன்றாகவே கேட்பார், ஒன்றாகவே சொல்வார். ஏழு வயதுப் பிள்ளை அவரைத் திருத்தும். பிள்ளைக்கு அது வேடிக்கை. பல்கலைக்கழகக் கல்வியில் மூன்றாண்டு தேறிய ஒருவருக்கோ, தமக்குக் கேட்கவே கேளாத ஒரு வேறுபாடு உலகில் உண்டு என்றும், அதனை ‘உற்றுக் கேள்’ என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்டுவிட இயலாது என்றும் உடலால் அறியும் வாய்ப்பு அது. எழுத்துப்பிழை செய்யும் பிள்ளையை ‘கவனம் இல்லை’ என்று குறிக்கும் வழக்கம் எல்லா நாட்டு ஆசிரியர்க்கும் உண்டு. கவனத்துக்கும் செவிப்பழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கல்வி உளவியல் நூலில் படிப்பதும், ஒரு பிள்ளையிடம் திருத்தம் பெற்று முகம் சிவப்பதும் ஒன்றல்ல.

(தமிழ் ஆய்வாளர்க்கு இம்மூன்று சொற்களும் ‘படு, பாடு, பட்டு’ என்பவற்றை நினைவூட்டாமல் இரா. ‘தலொ’ வீடு, ‘தலொஸ்ஸனிகின்’ என்றால் ‘என் வீட்டிலும்’. அடிச்சொல்லோடு வேற்றுமையுருபும் உடைமை விகுதியும் சேர, இறுதியில் உம்மைப் பொருள்தரும் இடைச்சொல் வந்து நிற்கின்றது. 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் திராவிட மொழிகளைப் பின்னியம் உள்ளிட்ட ‘சித்திய’ மொழிகளோடு உறவுடையனவாகக் கருதியமைக்கு இத்தகைய ஒட்டுநிலை ஒப்புமைகளே தூண்டுதல். அவ்வுறவு இன்று நிறுவப்பட்ட ஒன்றாக ஏற்கப்படுவதில்லை. ஒப்புமைகளின் சுவை அதனாற் குறையவில்லை. யுவாஸ்குலாவின் முதல் வகுப்பில் ஒரு தமிழ் மாணவ ஆசிரியர் அமர்ந்தால் ஜெர்மானியரைவிட விரைவில் தேறக்கூடும். அதனாலேயே அவர் கற்பது குறைவாகவும் கூடும்.)

தாய்ப் பல்கலைக்கழகத்தின் பக்கம் பார்த்தால் முரண் இன்னும் கூர்மை பெறுகின்றது. வடக்கு ரைன் வெஸ்ட்பேலியாவின் 2009ஆம் ஆண்டு ஆசிரியர் கல்விச் சட்டப்படி, புலம்பெயர் குடும்பப் பிள்ளைகளுக்கு ஜெர்மானிய மொழி கற்பித்தல் தொடர்பான 6 மதிப்பலகுப் பாடம் ஆசிரியராகவிருக்கும் அனைவர்க்கும் கட்டாயம். கணிதம் கற்பிக்கப்போகின்றவரும் அதிலிருந்து தப்ப முடியாது. இது மிக நல்ல சட்டம். 2015க்குப் பின் சிரியா முதலிய நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஜெர்மானியப் பள்ளிகளில் நிறைந்தபோது அதன் தேவை ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது. ஆனால் அதே மாணவர் ஒரு பருவம் முழுதும் பின்லாந்தில் மொழியறியாதவராய் இருந்து திரும்பினால், அந்த இருப்பு அந்த 6 மதிப்பலகில் அரைக்காலும் ஆவதில்லை. அங்கு ஆங்கிலத்தில் கேட்ட விரிவுரைகளுக்கு ஈடு உண்டு. மொழி தெரியாமல் அமர்ந்திருந்த மணிகளுக்குக் கணக்கில்லை. மொழியறியாப் பிள்ளையைப் பற்றிப் படித்தமைக்கு மதிப்பலகு. அப்பிள்ளையின் இடத்தில் இருந்தமைக்கு ஒன்றுமில்லை. அம்மாநிலத்தில் பிறமொழி கற்பிக்கப் பயில்வோர்க்கு அம்மொழி வழங்கும் நாட்டில் மூன்று மாதம் தங்குதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆகவே வேற்றுமொழிச் சூழலில் வாழ்தலின் பயனைச் சட்டம் அறியாததன்று. அப்பயனை மொழியாசிரியர்க்கு மட்டும் உரியதாக அது சுருக்கிக்கொண்டது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்று வலிமையானது. பரிமாற்ற மாணவர் விரும்பிச் சென்றவர். உதவித்தொகை பெறுபவர். திரும்பும் நாள் முன்பே குறிக்கப்பட்டவர். மொழி தெரியாமல் திணறும் கணத்தில் அவர் ஆங்கிலத்துக்கு மாறினால் எதிரிலிருக்கும் பின்னியரும் மாறிக்கொள்வார். போரில் வீடிழந்து வந்த பிள்ளைக்கு மாறிக்கொள்ள வேறு மொழி இல்லை. அதன் மொழிக்கு எதிரே இருப்பவர் மாறுவதும் இல்லை. ஆகவே ‘அப்பிள்ளையின் இடத்தில் இருந்தேன்’ என்று பரிமாற்ற மாணவர் சொல்வாராயின் அது மிகை; சிலவேளை அறமற்ற மிகையும் ஆகும். இம்மறுப்பை மறுக்க இயலாது. அவர் அறியக்கூடியது அப்பிள்ளையின் துயரத்தை அன்று. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் புரியாத பேச்சைக் கேட்டிருப்பதன் களைப்பு, தெரிந்த விடையைச் சொல்லச் சொல் இல்லாமையின் கூச்சம், புரியாமலே தலையசைக்கும் பழக்கம் எவ்வளவு விரைவில் படிந்துவிடுகின்றது என்னும் வியப்பு ஆகிய சில சிறு செய்திகளையே அவர் அறிகின்றார். தலையசைப்பைப் புரிதலின் அடையாளமாகக் கொள்ளும் ஆசிரியர்கள் நிறைந்த உலகில் இச்சிறு செய்திகளுக்கு மதிப்பு உண்டு.

மற்றொரு மறுப்பு பின்லாந்துப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து எழுவது. அவர்களின் வகுப்பு அயல்நாட்டவரின் சோதனைச்சாலை ஆகலாமா? ஆகலாகாது. மொழியறியாதவர் கணக்கோ வரலாறோ கற்பிக்க முனைவது பிள்ளைகளின் நேரத்தைக் களவாடுவதாகும். ஆனால் கற்பித்தலே கற்றலுக்கு ஒரே வழி அன்று. சிக்னேயஸின் காலத்திலிருந்தே பின்னியப் பள்ளிகளில் கைவினை கட்டாயப் பாடம். மரம் அறுப்பதிலும் துணி தைப்பதிலும் உதவியாளராக நிற்பவர்க்குச் சொல் குறைவாகவே வேண்டும். வேண்டிய சொற்களோ கைப்பொருளோடு ஒட்டி வருவதால் விரைவில் படியும். பின்னியத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கென ‘இரண்டாம் மொழியாகப் பின்னியம்’ என்னும் தனிப் பாடத்திட்டமும் அந்நாட்டில் உண்டு. அவ்வகுப்பில் பரிமாற்ற மாணவர் கற்பவராகவே அமரலாம். பதினைந்து வேற்றுமைகளை ஒரு பருவத்தில் யார் கற்பார் என்று சிலர் நகைப்பர். ஒருவரும் கற்கமாட்டார். கற்று முடிக்கவேண்டும் என்பதும் இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இவ்வினாவில் பங்குண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் கல்வியியல் இளநிலைப் படிப்பை ஈராண்டாக்கி, பள்ளிசார் பயிற்சிக்கென 20 வாரங்களை ஒதுக்கின. தமிழ் கற்பிக்கப் பயில்பவர் அவ்வாரங்களைத் தமக்கு அண்மையிலுள்ள பள்ளியில், தம் தாய்மொழியில் கழிப்பதே பெரும்பான்மை. அவர் பின்னர்ப் பணியேற்கும் வகுப்போ அவ்வாறு இருக்கவேண்டுவதில்லை. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயப் பாடமாயிற்று. ஓசூர்ப் பகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளை, நீலகிரியில் படகமோ இருளமோ பேசும் பிள்ளை, மதுரையில் சௌராட்டிரம் பேசும் பிள்ளை, திருப்பூருக்குப் பிழைக்க வந்த பீகார், ஒடிசாத் தொழிலாளரின் பிள்ளை ஆகிய யாவரும் ஒரே தமிழ்ப் பாடநூலின் முன் அமர்கின்றனர். தமிழைத் தாய்மொழியாக மட்டுமே அறிந்த ஆசிரியருக்கு, ‘பல்லி’ என்பதும் ‘பள்ளி’ என்பதும் ஒன்றாகக் கேட்கும் செவி ஒன்று இருக்கக்கூடும் என்பது எளிதில் தோன்றுவதில்லை. ல, ள, ழ மயங்கிய பிள்ளையின் ஏட்டில் சிவப்பு மை சுழிப்பதே அவருக்குத் தெரிந்த வழி. தமிழ்த்துறைகள் இரண்டாம் மொழி கற்பித்தலைப் பெரும்பாலும் அயலகத் தமிழ்க் கல்வியின் சிக்கலாக மட்டும் பேசிவருவது இவ்விடத்தில் நோக்கத்தக்கது. சிங்கப்பூருக்கும் டொரன்டோவுக்கும் செல்லாமலே அச்சிக்கல் மாநிலத்துக்குள் இருக்கின்றது.

இதற்கு யுவாஸ்குலா வரை செல்ல வேண்டுவதில்லை. சத்தியமங்கலத்துக்கு அப்பால் மலையேறினால் சாமராசநகர மாவட்டம். அங்குள்ள ஒரு கன்னட வழிப் பள்ளியின் முதல் வகுப்பில், 20 வாரங்களுள் இரண்டை மட்டும், தமிழ் கற்பிக்கப் பயில்பவர் எழுத்துக் கூட்டி வாசிப்பவராகக் கழிக்கலாம். கன்னடம் பயிலும் மாணவ ஆசிரியர் அவ்வாறே ஈரோட்டுப் பக்கம் வரலாம். இரு மாநிலக் கல்லூரிகள் இரண்டு உடன்பட்டாலே இது நடக்கும். மதிப்பீட்டுக்குக் கட்டுரையும் வேண்டா, கருத்தரங்கமும் வேண்டா. முதல் நாள் எழுதிய உற்றுநோக்கல் குறிப்பையும், இறுதி நாளில் அதே ஆசிரியரின் வகுப்பைக் கண்டு எழுதிய குறிப்பையும் அருகருகே வைத்து, முதற்குறிப்பில் தாம் பிழைபடக் கண்டவை எவை என மாணவ ஆசிரியரே எழுதும் நான்கு பக்கங்கள் போதும். அவற்றைத் திருத்துபவர் அவ்வகுப்பின் ஆசிரியராக இருக்கவேண்டும்; கல்லூரிப் பேராசிரியர் அங்கு இருந்திருக்கமாட்டார். நேரம் எங்கே என்னும் வினாவுக்கும் விடை உண்டு: செய்முறைத் தேர்வுக்கு முன் பதிவேடுகளுக்கு வண்ணத்தாள் உறையிட்டுத் தலைப்பெழுதும் நாள்களைக் கணக்கிட்டால் இரண்டு வாரம் தேறிவிடும்.